எல்லோரும் இல்லையென்ற வாய்க்கால்

அந்த ஒழுங்கையில் நான் முதன்முதலாகக் கதைத்த ஆளிடமே பொய்தான் சொன்னேன். சந்திக் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு, "இஞ்சாலை ஒரு பழைய வாய்க்கால் இருந்ததாம், ஆத்திலையிருந்து உள்ளுக்கு வாறது. அது எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். கடைக்கார அம்மா என் ஸ்கூட்டியைப் பார்த்தார். தலைக்கவசத்தைப் பார்த்தார். பிறகு என் கைப்பையில் கண்ணை வைத்துக்கொண்டு கேட்டார்.

"என்னத்துக்குக் கேக்கிறியள்?"

"சும்மா. பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குச் சொல்ல."

நான் ஒருநாளும் படிப்பித்ததில்லை. நில அளவைக் கந்தோர் ஒன்றில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆனால் கண்ணாடியும் பருத்திச் சேலையுமாக அறுபது வயதில் ஒருத்தி வந்து நின்றால் எங்கள் பக்கத்தில் ரீச்சர் என்றுதான் நினைப்பார்கள். அந்த நினைப்பை நான் கெடுக்கவில்லை.

"அப்பிடி ஒண்டும் இஞ்சை இல்லை, ரீச்சர்," என்றார் அவர்.

ஒழுங்கைக்குள் இறங்கி, சைக்கிளில் வந்த ஒருவரை மறித்துக் கேட்டேன். "அப்பிடி ஒண்டும் இஞ்சை இல்லை." கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் வேலிக்கு மேலால் கேட்டேன். "அப்பிடி ஒண்டும் இஞ்சை இல்லை." மூன்று பேரும் ஒரு சொல்லும் மாறாமல் அதையே சொன்னார்கள். தெரியாதவர்கள் தெரியாது என்பார்கள், அல்லது வேறு யாரையாவது போய்க் கேட்கச் சொல்வார்கள். தெரியாத ஒன்றை இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டார்கள். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது வாய்க்கால் அங்கேதான் இருக்கிறது என்று எனக்கு முடிவாகிவிட்டது.

ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. தொண்டைமானாற்றின் கரையில் உள்ள ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எந்தக் கரை, வல்லைப் பாலத்துக்கு மேலா கீழா என்பதெல்லாம் வேண்டாம். ஏன் என்பது போகப்போக விளங்கும்.

எனக்கு அந்த வாய்க்காலைத் தெரிந்தது ஒரு கடதாசியில். கந்தோரில் சேர்ந்த புதிதில், துணி ஒட்டிய பழைய வரைபடம் ஒன்றைப் பிரதி எடுக்கத் தந்தார்கள். வெள்ளைக்காரர் காலத்தது. மடிப்புகளில் கிழிந்து, தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்தது. அதில் ஆற்றிலிருந்து இரண்டு கோடுகள் கரைக்குள் போய், ஓரிடத்தில் திடீரென்று முழங்கை மாதிரி வளைந்து, ஒரு சதுரப் பள்ளத்தில் முடிந்தன. சதுரத்துக்குப் பக்கத்தில் சாய்வெழுத்தில் ஆங்கிலத்தில் 'டொக்' என்று எழுதியிருந்தது. படகு கட்டும் துறை. நாங்கள் ஆறு என்று சொன்னாலும் அது மழைத்தண்ணீரும் கடல்தண்ணீரும் கலந்து கிடக்கும் ஏரிதான். அதன் கரையில், ஊருக்குள்ளே, ஒரு துறை வெட்டியிருக்கிறார்கள் என்பது எனக்குப் புதினமாக இருந்தது.

ட்ரேசிங் தாளை விரித்து மையால் கீறினேன். எங்கள் தலைமைப் படவரைஞரான பெரியவர் வந்து பார்த்தார். "இந்த இடத்திலை கை நடுங்கினதோ?" என்று வளைவைக் காட்டிக் கேட்டார். மூலத்திலும் அப்படித்தான் இருக்கிறது என்றேன். அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பதட்டத்தில் ஓரத்தில் ஒரு சொட்டு மை விழுந்துவிட்டது. பழுதான தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று கீறிக் கொடுக்கவேண்டும். இன்னொன்று கீறிக் கொடுத்தேன். ஆனால் பழுதானதைக் கிழிக்கவில்லை. என் முதல் வேலை அது. சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பிறகு சண்டையில் அந்தக் கந்தோரும் போனது, துணி வரைபடமும் போனது, நான் கீறிக் கொடுத்த நல்ல பிரதியும் போனது. மைச்சொட்டு விழுந்த தாள் மட்டும் என் கூறைச்சேலையின் மடிப்புக்குள் கிடந்தது. நாங்கள் இடம்பெயர்ந்த இடமெல்லாம் அதுவும் வந்தது. ஓய்வு பெற்ற அடுத்த மாதம் எடுத்து விரித்துப் பார்த்தபோதுதான், இவ்வளவு காலமும் நான் அந்த இடத்துக்குப் போனதே இல்லை என்பது உறைத்தது.

இரண்டாம் தடவை ஒருவரையும் கேட்காமல் போனேன். கைபேசியில் ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தேன். ஆற்றங்கரைக் கண்டல் பற்றைகளிலிருந்து ஒரு கறுத்த கோடு வீடுகளின் பக்கம் வருவது மாதிரித் தெரிந்தது. ஸ்கூட்டியைப் புளியமரத்தடியில் விட்டுவிட்டு நடந்தேன். ஒழுங்கையின் நடுவில் ஒரு மதகு இருந்தது. குனிந்து பார்த்தேன். ஒரு பக்கம் வெங்காயத் தோட்டம், மறுபக்கம் வேலி. தண்ணீர் வரவும் வழியில்லை, போகவும் வழியில்லை. தண்ணீரே ஓடாத இடத்தில் ஏன் மதகு கட்டினார்கள்?

மதகிலிருந்து வேலி ஓரமாக நடந்தால் நிலம் காலுக்குக் கீழே கொஞ்சம் பதிந்தது. எண்ணிக்கொண்டு நடந்தேன். என் கணக்குப்படி வளைவு வரவேண்டிய இடத்தில் ஒரு வளவு குறுக்கிட்டது. தகரப் படலை. உள்ளே கிணறு, கிணற்றடியில் தோய்க்கிற கல். அந்தக் கல்லின் மேல்முனையில் என் கை நுழையக்கூடிய ஒரு ஓட்டை இருந்தது. தோய்க்கிற கல்லுக்கு யாரும் ஓட்டை போடமாட்டார்கள். படகு கட்டுகிற கல்லுக்குப் போடுவார்கள்.

நான் படலையைப் பிடித்தபடி நின்றபோது பின்னால் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். சாரம், வெயிலில் வெளிறிய சேர்ட். இறங்காமலே கேட்டார்.

"ரீச்சர் எந்தப் பள்ளிக்கூடம்?"

கடைக்கார அம்மாவிடம் சொன்னது இவரிடம் வந்து சேர்ந்திருந்தது. "பருத்தித்துறைப் பக்கம்," என்றேன்.

"பருத்தித்துறையிலை எது?"

"இப்ப பென்சன்," என்றேன்.

"உந்தக் கல்லையோ பாக்கிறியள்?"

"ஓம். பழைய கல்லு மாதிரிக் கிடக்கு. எங்கையிருந்து எடுத்தது?"

"அது கீரிமலைப் பக்கத்திலையிருந்து லொறியிலை வந்தது," என்றார் யோசிக்காமல். "வீட்டிலை ஆக்கள் இல்லை. நீங்கள் போகலாம்."

வீட்டுக்குள்ளே மிளகாய் வறுக்கிற மணம் வந்துகொண்டிருந்தது. நான் திரும்பி நடந்தேன். அவர் மெதுவாக என் பின்னாலேயே ஓட்டி வந்தார். நான் ஸ்கூட்டியை எடுக்கும்போது கைபேசியை உயர்த்தி இலக்கத் தகட்டைப் படம் எடுத்தார். ஒளித்து எடுக்கவில்லை, நான் பார்க்கவேண்டும் என்றே எடுத்தார்.

இரண்டு கிழமைக்குள் அந்தப் பகுதிக் கிராம அலுவலரான விதானையாரிடமிருந்து என் கைபேசிக்கு அழைப்பு வந்தது. மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, உங்களைப் பற்றி இஞ்சை ஆக்கள் முறையிடுகினம். அரசாங்க வேலையாக வாறதெண்டால் எனக்கு ஒரு கடிதம் தரவேணும். சொந்த விசயமெண்டால் அவையை ஏன் குழப்புறியள்?" நான் எந்தக் கந்தோரில் வேலை செய்தேன் என்பதும், எப்போது ஓய்வு பெற்றேன் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. என் கைபேசி இலக்கம் அவருக்கு எப்படிக் கிடைத்தது?

கணவரிடம் வந்து சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"நான்தான் குடுத்தனான். முந்தநாள் வீட்டுப் போனுக்கு எடுத்தவர். கேட்டதுக்கு உள்ளதைச் சொன்னனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் எங்கை போறீர் எண்டு எனக்குச் சொன்னனீரோ?"

அது சரிதான். சந்தைக்கு என்றும் சிநேகிதி வீட்டுக்கு என்றும் சொல்லிவிட்டுத்தான் கோண்டாவிலில் இருந்து அவ்வளவு தூரம் போய்வந்திருந்தேன். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று கூறைச்சேலையை எடுத்து, தாளை அவர் முன்னால் விரித்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக் கொஞ்சநேரம் பார்த்தார். கீழ்மூலையில் அளவுத்திட்டம், வடக்குக்குறி எல்லாம் இருந்தன.

"உது எவ்வளவு காலமாய் உம்மட்டைக் கிடக்கு?"

சொன்னேன்.

"நாவற்குழிப் பாலம் கடக்கேக்கையும் இருந்ததோ? பிறகு வவுனியாவிலை சூட்கேசைக் கொட்டிச் சோதிச்சாங்களே, அப்பவும்?"

"ஓம்."

அந்த நாட்களில் கையில் வரைபடம் வைத்திருப்பவர் எந்தப் பக்கத்துக்கும் ஒற்றர்தான். பிள்ளை என் இடுப்பில் இருந்தாள். சோதித்தவன் சேலையை உதறாமல் ஓரத்தில் வைத்தது எங்கள் நல்ல காலம். அவர் எழுந்து முற்றத்தில் போய் நின்றார். திட்டவில்லை. நெடுநேரம் கழித்து வந்து, "ஒரு வாய்க்காலுக்காக," என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு பல நாள் எங்கள் வீட்டில் தேவையான கதை மட்டுமே நடந்தது. நான் அலுமாரியைத் திறந்தால் அவர் தலை திரும்பும். இவ்வளவு காலத்தில் வேறென்ன ஒளித்தாள் என்று யோசிக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. அப்படி வேறொன்றும் இல்லை என்று சொன்னாலும் நம்பமாட்டார் என்பதும் தெரிந்தது.

அப்படியிருந்தும் மூன்றாம் தடவை போனேன். படலைக்கு வெளியே ஸ்கூட்டியை விட்டு இறங்காமலே பார்த்தேன். கிணற்றடியில் கல் இல்லை. அது இருந்த இடத்தில் புதுமண் போட்டு மிதித்திருந்தார்கள். மதகின் இரண்டு வாயையும் ஓலையால் மறைத்திருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. விற்றுவிட்டார்கள் என்று நினைத்தேன். புதிதாகக் கட்டுகிற ஹோட்டல்களும் மண்டபங்களும் பழைய கல், பழைய கதவு, பழைய தூண் என்று தேடி வாங்குகிற காலம் இது. அந்தக் கிழமை உறவுக்காரர் கலியாணம் ஒன்றுக்குப் போனபோது, மண்டப வாசலில் இரண்டு பக்கமும் ஓட்டைக் கற்கள் நட்டிருந்ததைப் பார்த்தேன். பந்திக்குக் கூப்பிட்டும் போகாமல் பட்டுச்சேலையோடு குந்தியிருந்து ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே கோறையாகச் சத்தம் கேட்டது. சீமெந்தில் வார்த்த அச்சு. மாப்பிள்ளையின் பெரியப்பா பின்னால் நின்று, "என்ன பிள்ளை, தோடு ஏதும் விழுந்திட்டுதோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவரும் குனிந்து தேடினார்.

இதற்குப் பிறகுதான் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

ஒரு முற்பகல். கணவர் வங்கிக்குப் போயிருந்தார். படலையில் குடையோடு நின்றவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நாற்பது வயதிருக்கும். "நீங்கள் எங்கடை கல்லைப் பாத்த ரீச்சர்தானே?" என்றார். மோட்டார் சைக்கிள்காரரின் மனைவி. அன்று வீட்டுக்குள் மிளகாய் வறுத்தவர். விதானையாரிடம் விலாசம் வாங்கி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். தான் வந்தது கணவருக்குத் தெரியாது என்றார்.

உள்ளே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிப் பக்கத்தில் வைத்தார். குடிக்கவில்லை.

"நான் ரீச்சர் இல்லை," என்றேன் முதலில்.

"தெரியும். விதானையார் சொன்னவர். அதுதான் கூடப் பயம். ரீச்சர் எண்டால் பாத்திட்டுப் போயிடுவா. நீங்கள் காணி அளக்கிற கந்தோர்."

"இப்ப நான் ஒரு கந்தோரும் இல்லை. கல்லை வித்துப்போட்டீங்களோ?"

அவர் என்னை வியப்பாகப் பார்த்தார். "ஆர் வாங்குறது அதை? கோழிக்கூட்டுக்குக் கீழை புதைச்சிருக்கு. தோய்க்கக் கல்லில்லாமல் நான் படுற பாடு."

பிறகு அவர் சொன்னார். அவருடைய அக்கா வேறொரு ஊரில் இருக்கிறார். முகாமிலிருந்து திரும்பி, பற்றை வெட்டி, தகரக் கொட்டில் போட்டுக் குடியேறிய இடம். வளவுக்குள் ஒரு செங்கல் மேடு இருந்தது. ஒருநாள் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், படித்தவர், பழைய விசயங்களில் ஆசை என்றார். தேத்தண்ணி குடித்தார், படம் எடுத்தார். சில மாதங்கள் கழித்துத் தொல்பொருள் திணைக்களத்து ஆட்கள் வந்து, இந்த இடத்தில் மண்ணைத் தோண்டக்கூடாது என்று ஒரு பலகை நட்டார்கள். அக்கா கக்கூசுக்குக் குழி வெட்டத் தொடங்கியிருந்தார். அது பாதியில் நின்றது. இன்றுவரை பக்கத்து வீட்டுக்குத்தான் போய்வருகிறார்.

"அந்த மனுசனும் படிப்பிக்கிறன் எண்டுதான் சொன்னவராம்," என்றார். "நீங்கள் கடையிலை அப்பிடிச் சொன்ன உடனை எங்களுக்கு விளங்கியிட்டுது. ஒழுங்கையிலை எல்லாரும் ஒரே சொல்லுத்தான் சொல்லுறது எண்டு கதைச்சு வைச்சிருக்கிறம்."

எனக்கு முகத்தில் சூடேறியது. அந்த மனிதர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவரும் என்னைப் போல வெறும் ஆசையில்தான் போயிருப்பார் என்று தோன்றியது.

"உங்களிட்டை ஒரு படம் இருக்கவேணும், இல்லாட்டி நேரை எங்கடை படலையிலை வந்து நிண்டிருக்க மாட்டியள். எனக்குக் காட்டுவீங்களோ?"

கொண்டுவந்து விரித்தேன். மைச்சொட்டை முதலில் தொட்டார், பிறகு ஆற்றை. விரலை வாய்க்கால் வழியே கொண்டுபோய்ச் சதுரத்தில் வைத்தார். அங்கே, 'டொக்' என்ற சொல்லுக்குக் கீழே, அரசாங்கத்துக்கு உரிய காணி என்று காட்டுகிற ஒரு சிறு குறி இருக்கிறது. கந்தோரில் இருந்தவர்களுக்கு மட்டும் விளங்கும்.

"இது என்ன எழுத்து?"

ஒன்றுமில்லை, அளவுக்குறி என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு இரக்கம் பார்த்துத்தான். ஆனால் அவர் விரல் அங்கிருந்து அசையவில்லை. வேலை செய்த காலம் முழுவதும் ஒரு வரைபடத்தைப் பிழையாக வாசித்துச் சொன்னதில்லை.

"அது அரசாங்கக் காணி எண்ட குறி," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "காணிப் பெர்மிட்டுக்கு எழுதிக் குடுக்கேக்கையே எங்களுக்குச் சொன்னவை. நீங்கள் சொல்லுறீங்களோ, ஒளிக்கிறீங்களோ எண்டு பாக்கத்தான் வந்தனான்." பிறகுதான் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.

போகும்போது, வெள்ளிக்கிழமை வரச்சொன்னார். அவருடைய கணவர் இல்லாத நேரம் பார்த்து வரட்டுமா என்றேன். "வேண்டாம். அவர் இருக்கேக்கையே வாங்கோ. ஒளிச்சுச் செய்தால் பேந்து கதை வேறையாய்ப் போகும். நான் அவரோடை கதைக்கிறன்."

வெள்ளிக்கிழமை போனபோது மோட்டார் சைக்கிள்காரர் வாசலிலேயே நின்றார். வாங்கோ என்று சொல்லவில்லை, போங்கோ என்றும் சொல்லவில்லை. "போனை வைச்சிட்டு வாங்கோ," என்றார். கைபேசியைத் திண்ணைக் குந்தில் வைத்தேன். கைப்பையையும் காட்டினார். அதையும் வைத்தேன். தாளை மட்டும் கையில் வைத்திருந்தேன்.

வீட்டுக்குப் பின்னால் காய்ந்த ஓலை அடுக்கியிருந்தார்கள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். கீழே பொளிந்த கல்லில் படிகள் இறங்கின. ஆறு படி தெரிந்தது, அதற்குக் கீழே சேறும் எருக்கலையும். இரண்டு வான் நிறுத்தக்கூடிய அகலத்தில் ஒரு பள்ளம், மூன்று பக்கமும் கல்கட்டு. நான்காவது பக்கம் வாய்க்கால் வந்து சேருகிற இடம், மண் மூடியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். அவரும் என் பின்னால் ஒரு படி விட்டு இறங்கினார்.

வளைவு இருந்த இடத்தைத் தேடிப் போனேன். வாய்க்கால் நேராக வராமல் திரும்புகிற இடத்தில், நிலத்துக்குள்ளிருந்து ஒரு முழுப்பாறை துருத்திக்கொண்டிருந்தது. வெட்டியவர்கள் அதை உடைக்கமுடியாமல் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். பாறையின் ஓரத்தில் உளி பட்ட அடையாளம் நிறைய இருந்தது. நான் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். என் கை நடுங்கவில்லை என்று பெரியவரிடம் சொல்ல இனி வழியில்லை. அவர் செத்துக் கனகாலம்.

"ஆர் கட்டினது எண்டு உங்கடை படத்திலை இருக்கே?" என்று கேட்டார்.

"இல்லை. இது அளக்கேக்கையே பழசாய்ப் போயிருக்கவேணும். நீங்கள் என்ன கேள்விப்பட்டனீங்கள்?"

"எங்கடை ஆக்கள் கட்டினது. வத்தை வள்ளங்களிலை உப்பும் பனைமரமும் ஏத்தினதாம். அப்பு சொல்லுவார்."

உப்புக்காக ஒரு மன்னனின் தளபதி ஆற்றையே வெட்டினான் என்று கோயிலடியில் சொல்வார்கள். ஒல்லாந்தர் வேலை என்று கந்தோரில் ஒருவர் சொல்லுவார். கல்லையும் சுண்ணாம்பையும் பார்த்தால் எனக்கு இரண்டிலும் நம்பிக்கை வரவில்லை. இவர் சொன்னதிலும் முழு நம்பிக்கை வரவில்லை. இது எங்களுடையது என்று சொல்லவேண்டிய தேவை அவருக்கு இருந்தது. ஆனால் கோழிக்கூட்டுக்குக் கீழே கல்லைத் தோண்டிக் காட்டியபோது ஒன்றைப் பார்த்தேன். ஓட்டையின் ஒரு பக்கம் மட்டும் கயிறு அறுத்து வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. நீண்ட காலம் படகுகள் ஒரே திசைக்கு இழுத்திருக்கின்றன. கட்டியது யாராக இருந்தாலும், நெடுங்காலம் பாவித்திருக்கிறார்கள் என்பது மட்டும் உறுதி.

மேலே ஏறியதும் கேட்டார். "உந்தக் கடதாசி இனி ஆரட்டை இருக்கப்போகுது?"

அவருடைய மனைவி குசினி வாசலில் நின்றார். நான் தாளைக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். அவருடைய கணவர் கேட்டார்.

"வேறை கொப்பி?"

"இல்லை."

"போனிலை படம்?"

"எடுக்கேல்லை."

அவர் குந்தில் இருந்த என் கைபேசியை எடுத்து என்னிடம் நீட்டினார். திறந்து காட்டச் சொல்லவில்லை. ஆனால் நான் திறந்து காட்டுவேனா என்று பார்த்துக்கொண்டு நின்றார். திறந்து காட்டினேன். பேரப்பிள்ளையின் படங்களைக் கடைசிவரை பார்த்தார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். அவர் துள்ளி எழுந்தார். "குடுத்திட்டீரோ? அதிலை உம்மடை கையெழுத்துக் கிடக்கல்லோ? நாளைக்கு அவங்கள் அதை எங்கை கொண்டுபோய்க் காட்டுவாங்களோ ஆர் கண்டது?" வரைந்தவர் என்ற இடத்தில் என் முதலெழுத்துகள் இருந்தது உண்மைதான். அதை நான் யோசிக்கவே இல்லை. அன்றிலிருந்து எனக்கும் ஒரு பயம் உள்ளே குந்திக்கொண்டது. அந்தப் பெண்ணை எனக்கு எவ்வளவு தெரியும்? இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். ஒருதடவை அவர் என்னைச் சோதிக்க வந்தவர்.

மாரி வந்தது. அந்த வருடம் மழை விடாமல் நாலு நாள் கொட்டியது. ஐந்தாம் நாள் காலை தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு.

"அக்கா, நான் கதைக்கிறன்." குரலைக் கேட்டதும் தெரிந்தது, மோட்டார் சைக்கிள்காரர். முதல்தடவையாக அக்கா என்றார். "ஒழுங்கை முழுக்க முழங்கால் தண்ணி. வீடுகளுக்கை வரப்போகுது. மதகைத் திறந்து வாய்க்காலை வெட்டி ஆத்துக்கு விடப்போறம். மதகுக்கு அங்காலை எந்தப் பக்கம் போறது? தோட்டத்துக்கை ஒண்டும் தெரியேல்லை."

"படத்தைப் பாருங்கோவன்."

"அவ எங்கை வைச்சிருக்கிறா எண்டு எனக்கே சொல்லுறாவில்லை," என்றார். பின்னால் அந்தப் பெண்ணின் குரலும் கேட்டது. என்ன சொன்னார் என்று விளங்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டேன். "மதகிலை நிண்டு ஆத்தைப் பாருங்கோ. நேரை போகாது. கொஞ்சம் இடக்கைப் பக்கம் சரிஞ்சு போகும். தோட்டத்தின்ரை மூலையைத் தொட்டுக்கொண்டு போய், கண்டலடியிலை இறங்கும்."

"எவ்வளவு இடக்கை?"

சொன்னேன். அவர் யாருக்கோ உரத்துச் சொன்னார். அலவாங்கு கல்லில் படுகிற சத்தம் கேட்டது. பிறகு அழைப்பு அறுந்துவிட்டது. கணவர் பேப்பருக்கு மேலால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் மீண்டும் எடுத்தார். தண்ணீர் வடிந்துவிட்டது, இரண்டு வீட்டில் மட்டும் உள்ளே வந்தது, ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்றார். ஒழுங்கையில் இப்போது அதை வெள்ள வாய்க்கால் என்று சொல்கிறார்களாம். யாராவது கேட்டால், மழைக்கு நாங்கள் வெட்டினது என்று சொல்லுவார்களாம். நல்ல பதில் என்றேன். பிறகு கேட்டார்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. கொப்பி ஒண்டு வைச்சிருக்கிறியள்தானே?"

"இல்லை. ஞாபகத்திலை சொன்னனான்."

"ஞாபகத்திலை அப்பிடிச் சரியாய்ச் சொல்லேலாது."

"நான் கீறினது. அதுதான்."

"சரி," என்றார். அந்த 'சரி'யில் நம்பிக்கை இல்லை.

எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. இடக்கைப் பக்கம் அவ்வளவு சரிவு இருந்ததா, அல்லது நான் சொன்ன இடத்தில் தற்செயலாகத் தண்ணீர் வழி கண்டதா? பின்னேரம் பழைய கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் பென்சிலால் ஆற்றைக் கீறினேன். மதகு, தோட்டத்தின் மூலை, பாறை, வளைவு, சதுரம். கை நிற்காமல் போனது. முடித்துவிட்டுப் பார்த்தால் அளவுத்திட்டம் கூடச் சரியாக இருந்தது. கிழித்துப் போடத்தான் எடுத்தேன். கணவர் வருகிற சத்தம் கேட்டதும் மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது. கணவரிடமும் நான் சொல்லவில்லை, மோட்டார் சைக்கிள்காரரிடமும் சொல்லவில்லை.